பின்னால் நின்றவள்

ஓட்டல் துணி வருகிற நாளென்றால் லாண்டரியில் மூச்சுவிட நேரமிருக்காது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று மலை மலையாக வந்து இறங்கும். துவைத்து எடுத்த ஈரத் துணியைத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டு, சிமெண்டுச் சரிவில் ஏற்றி, மேலே இருக்கிற உருளை இஸ்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியும் இரும்பும் ஒன்று. இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் முட்டுக்கொடுத்து, கால்விரலைத் தரையில் பதித்து உந்தினால்தான் வண்டி அசையும்.

அப்படி உந்தியபோதுதான் பெரியவளின் வலது குதிகாலுக்குச் சற்று மேலே 'டப்' என்று விழுந்தது அடி. கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்ட மாதிரி. அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் மோதி நின்றது.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் இன்னொரு வண்டியோடு நின்றிருந்தவள் சின்னவள், அவளுடைய கொழுந்தன் மனைவி.

இருவரையும் லாண்டரியில் பெரியக்கா, சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று, ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்கள். பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. சின்னவளின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் பெரியம்மா மடியில்தான் விழும். ஆனால் அன்று காலை, ரொட்டியைப் பொட்டலம் கட்டும்போதே, தனியாக வீடு பார்க்கப்போவதாகச் சின்னவள் வாயைத் திறந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஏண்டி, காலைல வாயால ஒதச்சது பத்தலையா? இப்ப காலாலயும் ஒதைக்கணுமா?"

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கக்கா ஒதச்சேன்? வண்டியைப் புடிச்சுகிட்டுல்ல நிக்கிறேன்."

"அப்ப வண்டியை விட்டு இடிச்சிருக்க."

"இல்லக்கா! தள்ளித்தான் வந்தேன். படவே இல்ல."

"பின்ன என்ன, பேயா வந்து அடிச்சுது? இங்க உன்னையும் என்னையும் விட்டா யாரு இருக்கா?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் பார்த்தது இதைத்தான்: பெரியவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள், அவளுக்குப் பின்னால் சின்னவள் வண்டியோடு நிற்கிறாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. சூப்பர்வைசர் சின்னவளை இஸ்திரிப் பக்கத்திலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கிற அறையில் போட்டார். ஓட்டல் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் வந்து கொட்டுகிற இடம் அது. அங்கே போனவர்கள் கொஞ்ச நாளில் கையை மறைத்துக்கொண்டு நடப்பார்கள்; மருந்துத் தண்ணீர் தோலைத் தின்றுவிடும்.

தெருமுனை டாக்டரிடம் போனபோது, "வண்டியால இடிச்சிட்டாங்க" என்றாள் பெரியவள். இடித்தது என்றால் டாக்டர் என்ன பார்ப்பார்? எலும்பைப் படம் பிடித்துப் பார்த்தார். எலும்பு நன்றாக இருந்தது. வீக்கம் வடியட்டும் என்று களிம்பும் பட்டையும் கொடுத்து அனுப்பினார். வீக்கம் வடிந்தது. நடை வரவில்லை.

மாதம் முடிவதற்குள் சின்னவன் குடும்பம் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. எந்த மூட்டையை யார் எடுத்துப் போனார்கள் என்பதைக்கூடப் பெரியவள் பார்க்கவில்லை. உள்ளறையில் காலை நீட்டி உட்கார்ந்து, களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மழைக்காலம் போயின. வலது கெண்டைச்சதை சூம்பி, காற்றுப் போன டியூப் மாதிரி தொங்கியது. குதிகால் தரையைவிட்டு எழும்பாது. காலை அப்படியே தூக்கித் தூக்கிப் போட்டு நடந்தாள். பரணிலிருந்து ஒரு டப்பா எடுக்க வேண்டுமென்றாலும் ஸ்டூல் வேண்டும். படி இறங்கினால் முட்டி மடங்கிக்கொண்டு போகும். "தெருவுல நீ திரும்பும்போதே தெரிஞ்சிடுது. ஒரு காலு நடக்குது, ஒரு காலு கதவு தட்டுது" என்பார் அவள் வீட்டுக்காரர். வேன் ஓட்டுகிற மனுஷன். எல்லாவற்றிலும் சத்தத்தை வைத்துத்தான் பழுது கண்டுபிடிப்பார்.

ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி, சுடச்சுட ஓடிக்கொண்டிருந்த உருளையின் மேல் கையை ஊன்றப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் இழுத்திருக்காவிட்டால் கை வெந்திருக்கும். சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரியக்கா, கால சரி பண்ணிகிட்டு வாங்க. இல்லன்னா வராதீங்க. என் தலையில கல்லைப் போடாதீங்க."

அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உள்ளே நோயாளி மட்டும் வரலாம் என்று வீட்டுக்காரரை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். பாதம் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கின. இடது கெண்டைச்சதையைப் பிடித்து அழுத்தினார், பாதம் துள்ளியது. வலதை அழுத்தினார், பாதம் செத்த மீன் மாதிரி கிடந்தது. குதிகாலுக்கு மேலே விரலை வைத்துத் தடவினார். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

"இது எப்ப ஆச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்மா. பின்னாலேருந்து ஒதச்சுட்டாங்க. இல்லன்னா வண்டியால இடிச்சிருக்கணும்."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நின்னுகிட்டுதான் இருந்தா."

டாக்டரம்மா சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, பல தடவை கேட்ட கதையைக் கேட்கிற சிரிப்பு. "எழுந்து உக்காருங்க. உங்கள யாரும் ஒதைக்கலம்மா. கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போட கட்டி வெச்சிருக்கிற கயிறு இது. தசைநாண்னு சொல்லுவோம். பாரத்தை உந்தும்போது தானா அறுந்துபோச்சு. அறுந்தா பின்னாலேருந்து ஒருத்தர் அடிச்ச மாதிரியேதான் இருக்கும். என்கிட்ட வர்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தேன்னுதான் சொல்லுவாங்க. போன வாரம் ஒருத்தர், பின்னாடி ஆளே இல்ல, நாய்தான் நின்னுதுன்னு அதைத் துரத்தியிருக்காரு."

பெரியவள் சிரிக்கவில்லை.

"உடம்புல ஒரு காயம், ஒரு கன்னிப்போன தழும்பு, ஏதாவது இருந்துச்சா அப்ப?"

யோசித்துப் பார்த்தாள். இல்லை. களிம்பு தேய்த்தவளே அவள்தான். தோலில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை.

"அடிபட்டுச்சுன்னு சொல்லாம, சத்தம் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா அந்த டாக்டருக்கு அப்பவே பொறி தட்டியிருக்கும். புதுசா இருந்தா ரெண்டு முனையையும் இழுத்துத் தைச்சிருக்கலாம். இப்ப இடைவெளி ரொம்ப. கால் கட்டைவிரலை மடக்குற நாண் இருக்கு பாருங்க, அதை எடுத்து குதிகால்ல பொருத்தணும். நடை வரும். பழைய கால் வராது."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் எழுந்தார். "என்ன சொன்னாங்க?"

"உள்ள கயிறு அறுந்திருக்காம். ஆபரேஷன் பண்ணணுமாம்."

"கயிறே அறுந்துபோற அளவுக்கா ஒதச்சிருக்கா? நான் ஏதோ தெரியாம இடிச்சிருப்பான்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்து, வீடு வந்து இறங்கி, உலை வைத்து, சோறு வடிக்கிறவரை வாய்வரை வந்து வந்து போனது. சொன்னால் இரண்டு வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. 'கால் சரியாகட்டும், அப்புறம் சொல்லலாம்' என்று வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரம் பாதத்தைத் தரையில் ஊன்றக்கூடாது, கூடவே ஒரு பெண் துணை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெரியவளின் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. வீட்டுக்காரர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு பையோடு வந்து நின்றவள் சின்னவள்.

"லாண்டரியில பேசிகிட்டாங்க. லீவு போட்டுட்டு வந்தேன். ஆளு கெடச்சா போயிடுறேன்."

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். பெரியவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

"அழுக்குப் போர்வை அது, அதைப் போயி மூடுறியேக்கா" என்று சொல்லி, சின்னவள் பையிலிருந்து வீட்டுப் போர்வையை எடுத்து உதறினாள்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக்கி, குப்புறப் போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். பெரியவளுக்கு நினைவிருந்தது. வலியில்லை, சத்தம் மட்டும். கத்தரி, தட்டு, யாரோ யாரிடமோ டீ குடித்தாயா என்று கேட்பது. பிறகு எலும்பைத் துளைக்கிற சத்தம், சுவரில் ஆணியடிக்கத் துளை போடுவது போல, தாடைவரை அதிர்ந்தது. முகத்தை ஒரு பக்கமாக வைத்துக் கிடந்தவளுக்குப் பச்சைத் துணி மட்டும்தான் தெரிந்தது. தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கிடப்பது எப்படி என்று அப்போது நினைத்தாள். யார் பின்னால் என்ன பேசுகிறார்களென்று தெரியாமல், சின்னவளுக்கு இரண்டு வருஷம் இப்படித்தான் போயிருக்கும்.

மாவுக்கட்டோடு வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கினார்கள். பயிற்சி கொடுக்கிற பெண், "கூட இருக்கிறவங்க பின்னாடி நில்லுங்க, சாஞ்சா புடிச்சுக்கணும்" என்றாள்.

"அய்யய்யோ, பின்னாடியா? எங்க வேணா நிக்கிறேன், இவங்களுக்குப் பின்னாடி மட்டும் நிக்கமாட்டேன்" என்றாள் சின்னவள். வார்டே சிரித்தது, விஷயம் தெரியாமல். சின்னவளும் சிரித்தாள். பக்கவாட்டில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, சின்னவள் வேலை முடிந்து தினமும் வந்தாள். கஞ்சி வைத்துக் கொடுப்பாள். நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். தையல் பிரித்த இடத்தில் ஓரமாகக் கறுத்து, நீர் கோத்துக்கொண்டது. டாக்டரம்மா மாவுக்கட்டில் ஜன்னல் மாதிரி ஒரு துண்டு வெட்டியெடுத்து, அந்தத் துவாரம் வழியாகத் தினமும் புண்ணைத் துடைத்துக் கட்டச் சொன்னார். புண் ஆறாவிட்டால் வைத்த நாணே போய்விடும் என்றார். சின்னவள் அந்தத் துவாரத்தின் மேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பாள். அவளுடைய விரல்நுனியெல்லாம் வெடித்து, வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

"கைக்கு ஏதாவது போடக்கூடாதாடி?"

"போட்டு என்ன பண்றது? காலைல திரும்ப அதே தண்ணிதான்."

ஒரு விடுமுறை நாள் மதியம். வெளியே நல்ல வெயில். புண் வாய் மூடத் தொடங்கியிருந்தது. சின்னவள் கட்டை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நாத்தம் போயிடுச்சுக்கா" என்றாள். அப்புறம் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் படலன்னு அடிச்சுப் பேசினேன்ல? அப்ப நெசமாவே படலன்னுதான் நெனச்சேன். அப்புறம் நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். உன்மேல கோவமா வேற இருந்தேன். காலைல நீ ஏதோ சொன்னியேன்னு வேகமா தள்ளினேனோ என்னவோ. சக்கரம் பட்டிருக்கும்க்கா. படாம எப்படி அறுந்துபோவும்? எலும்பைத் துளைச்சு வெக்கிற அளவுக்கு ஆகியிருக்குன்னா லேசாவா பட்டிருக்கும்?"

பெரியவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்; சின்னவள் பிடித்த பிடியை விடவில்லை.

"என் பொண்ணு கேட்டா. 'பெரியம்மாவ ஏம்மா ஒதச்ச'ன்னு. இல்லடின்னு சொல்ல வரல எனக்கு. 'தெரியாம பட்டுருச்சு'ன்னேன். அதான் அந்த ரூமுல போட்டப்பகூட ஒண்ணும் சொல்லல. போட்டா போடட்டும்னு இருந்துட்டேன்."

"படலடி."

"நீ சும்மா எனக்காக..."

"படலன்னு சொல்றேன்ல. யாரும் ஒதைக்கல, எதுவும் இடிக்கல. அது தானா அறுந்துபோறது. அறுந்தா ஒதச்ச மாதிரியே இருக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

சின்னவள் கையில் பஞ்சு அப்படியே இருந்தது. "எப்ப சொன்னாங்க?"

பொய் சொல்ல அந்த நேரத்தில்கூட ஒரு வழி இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"மொத நாளே."

"மொத நாளேன்னா? ஆபரேஷனுக்கு முன்னாடியா?"

"ம்."

சின்னவள் மருந்தில் நனைத்த துணியை வைத்தாள். அதன் மேல் காய்ந்த பஞ்சை வைத்தாள். பட்டையை ஒரு சுற்றுகூடத் தளராமல் சுற்றி முடிச்சுப் போட்டாள். கீழே சிந்தியதைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உன் பீத்துணி மூத்திரத்துணியெல்லாம் அலசினேன். இத்தன நாளா வாயைத் திறக்கணும்னு தோணலல்ல உனக்கு?"

"பயமா இருந்துச்சுடி."

"எதுக்கு? நான் வராம போயிடுவேன்னா?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் உண்மை. சின்னவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைத் தள்ளிவைத்தார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, "என் தம்பி ரெண்டு தடவ இந்த வாசல் வரைக்கும் வந்தான். நான் கதவத் திறக்கல. உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும்."

"உள்ளதான உக்காந்திருந்த நீ."

மறுநாளிலிருந்து புண்ணை அவரே துடைத்துக் கட்டினார். வேன் ஓட்டுகிற கை. முடிச்சு கயிறு கட்டுகிற முடிச்சாக விழுந்தது. ஆனாலும் விடாமல் செய்தார். தம்பியைப் பார்க்கப் போவதாக ஒவ்வொரு நாளும் சட்டையை மாட்டிக்கொள்வார். தெருமுனை வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்.

மாவுக்கட்டைப் பிரித்து, குதியில் ஆப்பு வைத்த பெரிய பூட்ஸ் மாட்டினார்கள். பிறகு ஒவ்வொரு ஆப்பாக எடுத்தார்கள். பயிற்சிக்காரப் பெண் ஒரு விசித்திரமான வேலை சொல்லிக்கொடுத்தாள். குதிகாலைத் தூக்க வேண்டுமென்றால் குதிகாலை நினைக்கக்கூடாது. கட்டைவிரலை மடக்குவதாக நினைக்க வேண்டும். கட்டைவிரல் மடங்காது, அதன் நாண்தான் இடம் மாறிவிட்டதே. ஆனால் குதிகால் எழும்பும். பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மடக்கினாள், மடக்கினாள். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு இடம் வந்தது. சொல்ல வீட்டில் ஆளில்லை.

பூட்ஸோடு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு லாண்டரிக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்துவைத்திருந்தார்கள். சின்னவள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் நடுவில் நின்று, "சின்னக்கா என்னை ஒதைக்கல. வண்டியும் படல. என் காலு தானா அறுந்துச்சு. நான் சொன்னது பொய்யின்னு அப்ப எனக்குத் தெரியாது, ஆபரேஷனுக்கு முந்தியே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் மறைச்சேன்" என்றாள். கரண்டிச் சத்தம் நின்றது.

சூப்பர்வைசர், "அட, அதெல்லாம் பழைய கதை, விடுங்க பெரியக்கா. உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார்.

"உங்களுக்குத்தான் பழைய கதை. என் கையைப் பாருங்க" என்றாள் சின்னவள். எழுந்து பெரியவளிடம் வந்தாள். "ஊரைக் கூட்டிச் சொல்லிட்ட, சரி. இவங்க எதை வேணா நெனச்சுக்கட்டும். என் பொண்ணுகிட்ட வந்து சொல்லு."

அடுத்த விடுமுறை நாளில் போனாள். வீட்டுக்காரர் கூட வந்தார். சின்னவன் கீழே வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்து எழுந்தான். "வாண்ணே" என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "செயின் தளர்ந்திருக்குடா, சத்தம் கேக்குது" என்று சொல்லிக்கொண்டு அண்ணன் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பெரியவள் தனியாகப் படியேறினாள். செங்குத்தான படி. ஒவ்வொரு படிக்கும் கட்டைவிரலை மடக்கி மடக்கி ஏறினாள்.

மகள் வளர்ந்து நெடுநெடுவென்று இருந்தாள். ஓடி வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். உள்ளே சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "அப்ப அம்மா ஒதைக்கவே இல்லையா?"

"இல்லடா."

"அப்ப ஏன் அம்மா 'பட்டுருச்சு'ன்னு சொன்னாங்க?"

குழாய்ச் சத்தம் நின்றது.

பெரியவள் வரும் வழியெல்லாம் எத்தனையோ கேள்விக்குப் பதில் யோசித்து வந்திருந்தாள். இதை யோசிக்கவில்லை. "நான் சொல்லிச் சொல்லி, உங்கம்மாவையே நம்ப வெச்சுட்டேன்" என்றாள். "அவ செய்யாததை அவளே செஞ்சதா நெனச்சுகிட்டா. உன் பெரியம்மா அப்படிப்பட்டவ."

பெண் அம்மாவைத் தேடிச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். சின்னவள் ஈரக் கையோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெரியவள் தடியை ஊன்றி எழுந்தாள்.

படியின் உச்சியில் நின்று நல்ல காலை இறக்கப் போனாள்.

"அந்தக் கால் இல்ல" என்றாள் சின்னவள். "இறங்கும்போது ஆபரேஷன் பண்ண காலைத்தான் மொதல்ல வெக்கணும். பயிற்சி குடுத்த பொண்ணு எத்தன தடவ சொல்லிச்சு."

பெரியவள் காலை மாற்றிக்கொண்டாள். பாதிப் படி இறங்கியிருப்பாள். மேலே பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா, இனிமே பெரியம்மா நம்ம வீட்டுக்கு வரலாமா?"

பெரியவள் அசையாமல் நின்றாள்.

"படியேற முடிஞ்சா வரட்டும்."

பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தாள்.